வாக்காளர் அட்டையும் சூரா யூசுஃபும்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சகோதரி. எங்கள் பூர்வீகம் காரைக்கால். இந்தியாவுடன் இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் என் வாப்பா. நான் முப்பது ஆண்டுகளாகப் பாரிசுக்கு வடக்கே சார்செலில் குடும்பத்துடன் இருக்கிறேன். மகனுக்கு 19 வயது, பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். ஐவேளைத் தொழுகை விடாதவன். ஆறு மாதமாக, "தீர்ப்பளிப்பது அல்லாஹ்வுக்கே உரியது, மனிதர்கள் சட்டம் இயற்ற ஓட்டுப் போடுவது ஷிர்க் (அல்லாஹ்வுக்கு இணைவைப்பது)" என்கிறான். அவனுக்கு வந்த வாக்காளர் அட்டையை உறைகூடப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைத்திருக்கிறான். 16 வயது மகள் லிசே (மேல்நிலைப் பள்ளி) வாசலில் தினமும் ஹிஜாபைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறாள். அதைக் காட்டியே என்னை மடக்குகிறான். ஒரு நாள் கோபத்தில், "பிடிக்காவிட்டால் இந்த நாட்டை விட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக அவன் என்னோடு பேசவில்லை. சட்டம் படித்தவர் நீங்கள். நம் மார்க்கமும் இவர்களுடைய ஜனநாயகமும் ஒத்துப்போகுமா? அவனிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

சட்டத்தைப் பற்றியும் மார்க்கத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், "நாட்டை விட்டுப் போ" என்ற உங்கள் சொல்லைப் பேசியாக வேண்டும். அந்தச் சொல்லை உங்கள் மகன் ரயிலில் கேட்டிருப்பான், தொலைக்காட்சி விவாதத்தில் கேட்டிருப்பான், சுவரில் எழுதியிருக்கக்கூடப் பார்த்திருப்பான். அந்நியர் சொன்னபோது பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பான். பெற்ற வாப்பாவின் வாயிலிருந்து வந்தபோது அவனால் தாங்க முடியவில்லை. அவன் பிறந்தது இங்கே. காரைக்கால் அவனுக்கு விடுமுறைக்குப் போகும் ஊர். எங்கே போவான்? மார்க்க விவாதத்தைத் தொடங்குவதற்கு முன்னால் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள். "நான் சொன்னது தவறு" என்று மூன்றே வார்த்தை போதும், விளக்கம் வேண்டாம்.

இனி மார்க்கம். நான் வழக்கறிஞர், ஆலிம் (மார்க்க அறிஞர்) அல்ல. ஆனால் ஓதிக்கொடுக்கும் வீட்டில் வளர்ந்தவள். உங்கள் மகன் காட்டும் வசனம் எந்த சூராவில் (அத்தியாயத்தில்) இருக்கிறது என்று அவனிடம் கேட்டீர்களா? அந்தச் சொற்றொடர் குர்ஆனில் சில இடங்களில் வருகிறது. அதில் ஒன்று சூரா யூசுஃப், 40ஆம் வசனம். சொல்பவர் நபி யூசுஃப் (அலை). இடம், எகிப்தின் சிறைச்சாலை. கேட்பவர்கள், கூட இருக்கும் இரண்டு கைதிகள். நீங்களும் உங்கள் மூதாதையரும் பெயர் சூட்டிக்கொண்டவற்றையே வணங்குகிறீர்கள், அதிகாரம் அல்லாஹ் ஒருவனுக்கே, அவனையே வணங்குங்கள் என்று அவர்களுக்குச் சொல்கிறார். உங்கள் மகன் அந்த இடத்தில் குர்ஆனை மூடிவிடுகிறான். மூடாமல் பதினைந்து வசனம் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

55ஆம் வசனத்தில் அதே யூசுஃப் (அலை) எகிப்து மன்னர் முன்னால் நிற்கிறார். பஞ்சம் வரப்போகிறது. "இந்த நாட்டின் களஞ்சியங்களுக்கு என்னைப் பொறுப்பாளராக்குங்கள், நான் பாதுகாக்கத் தெரிந்தவன், அறிந்தவன்" என்கிறார். தாமாகவே பொறுப்பைக் கேட்டு வாங்குகிறார். அந்த அரசு அவருடைய மார்க்கத்தின் அரசா? மன்னர் பின்னால் ஈமான் (இறைநம்பிக்கை) கொண்டார் என்று சொல்லும் விரிவுரையாளர்களும் உண்டு. மகன் அதைச் சொல்லக்கூடும், ஆகையால் 76ஆம் வசனத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ள யூசுஃப் (அலை) ஒரு வழி தேடுகிறார். "மன்னரின் சட்டப்படி" அவர் தம் தம்பியைப் பிடித்துவைத்திருக்க முடியாது என்று அந்த வசனம் சொல்கிறது. ஆக, மன்னரின் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது, அதன் கீழே ஒரு நபி பொறுப்பில் இருந்தார். மக்கள் பட்டினியால் சாகாமல் இருந்தார்கள். "தீர்ப்பு அல்லாஹ்வுக்கே" என்று சிறையில் சொன்னவரும் களஞ்சியச் சாவியைக் கேட்டவரும் ஒருவர்தான். தாம் சொன்னதற்கு என்ன பொருள் என்று அவரைவிட அறிந்தவர் யார்?

இதே சொற்றொடரை முழக்கமாக்கிய ஒரு கூட்டத்தைப் பற்றியும் அவன் அறிய வேண்டும். 657இல் சிஃப்பீன் போரில் இரத்தம் ஓடியது போதும் என்று அலி (ரலி) அவர்கள் நடுவர் பேச்சுக்கு ஒப்புக்கொண்டார்கள். உடனே அவர்களுடைய படையிலிருந்தே ஒரு பிரிவினர், மனிதர்களை எப்படித் தீர்ப்புச் சொல்ல விடலாம், தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே என்று கூவிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்கள்தான் காரிஜிய்யாக்கள். அதற்கு அலி (ரலி) சொன்ன பதில் நம் வரலாற்றில் நிலைத்துவிட்டது: "சொல் சத்தியமானது, அதைக் கொண்டு நாடுவது அசத்தியம்." நபியின் மருமகனையே காஃபிர் (இறைமறுப்பாளர்) என்று சொன்ன அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன்தான் 661இல் கூஃபா பள்ளிவாசலில் அவர்களை வெட்டினான். மகனை காரிஜி என்று திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். வசனம் ஒன்றாக இருந்தாலும் அதைப் பிடிக்கும் கை வேறாக இருக்கலாம் என்பதை அவனே கண்டுகொள்ளட்டும்.

ஓட்டை நம் உலமாக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கும் வழி இருக்கிறது. வட இந்தியாவின் தேவ்பந்த் மதரஸா மரபின் பெரிய அறிஞரான முஃப்தி முஹம்மது ஷஃபி, ஓட்டு என்பது ஒரு சாட்சியம் என்று எழுதினார். இந்த ஆள் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். தகுதியில்லாதவருக்குப் போட்டால் அது பொய்ச்சாட்சி. சாட்சியை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்கிறது சூரா பகராவின் 283ஆம் வசனம். மறுக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் "இஸ்லாத்தில் இதற்கு இடமே இல்லை" என்று அவன் சொன்னால், அது முஸ்லிம்களின் வரலாற்றில் ஒரு மூலையிலிருந்து வரும் பேச்சு என்று துணிந்து சொல்லலாம். செனகலைப் பாருங்கள். மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். சார்செலில் உங்கள் அண்டை வீட்டாரில்கூட அந்நாட்டவர் இருப்பார்கள். மதச்சார்பற்ற குடியரசு என்று அரசியல் சட்டத்தின் முதல் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய முதல் அதிபர் செங்கோர் ஒரு கத்தோலிக்கர், இருபது ஆண்டுகள் ஆண்டார். 2024 மார்ச்சில், வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்புவரை சிறையில் இருந்த ஒருவரை ஓட்டுப் போட்டு அதிபராக்கினார்கள். அந்த மக்களின் தொழுகைக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணத்தையும் மறைக்காதீர்கள், அவன் அறிந்திருப்பான். துனிசியாவில் இஸ்லாமியக் கட்சியும் மதச்சார்பற்றவர்களும் உட்கார்ந்து பேசி, மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் அரசியல் சட்டத்தை 2014இல் நிறைவேற்றினார்கள். 2021 ஜூலையில் அதிபர் நாடாளுமன்றத்தை முடக்கினார், அந்தக் கட்சியின் தலைவர் கன்னூஷி 2023 முதல் சிறையில் இருக்கிறார். "பார்த்தீர்களா, ஓட்டுப் போட்டு என்ன கண்டோம்" என்று இளைஞர்கள் கேட்கும்போது அதில் உண்மையான வலி இருக்கிறது. அங்கே ஜனநாயகத்தைக் கவிழ்த்தது மார்க்கம் அல்ல, ஒரு மனிதரின் கையில் குவிந்த அதிகாரம். மஷூராவை, அதாவது கலந்தாலோசிப்பதை, ஏன் நம் மார்க்கம் வலியுறுத்துகிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இந்தச் சண்டையை முஸ்லிம்கள் மட்டும்தான் போடுகிறார்கள் என்று பிரெஞ்சுக்காரர்களும் நினைக்கிறார்கள், நம் பிள்ளைகளும் நினைக்கிறார்கள். இத்தாலி ஒன்றானபோது, நாடாளுமன்றத் தேர்தலில் கத்தோலிக்கர்கள் ஓட்டுப் போடலாகாது என்று வாத்திகன் தடுத்தது. அந்தத் தடை முழுவதுமாக நீங்கியது 1919இல். மதத்தையும் அரசையும் பிரித்து 1905 டிசம்பர் 9ஆம் தேதி பிரான்ஸ் இயற்றிய சட்டத்தைப் போப்பாண்டவர் மறு ஆண்டே கண்டித்தார். தேவாலயச் சொத்துகளைக் கணக்கெடுக்கப் போன அதிகாரிகளை மக்கள் வாசலில் மறித்தார்கள், கைகலப்பு நடந்தது. இரு தரப்பும் ஓர் ஏற்பாட்டுக்கு வர 1924 ஆயிற்று. இன்று அந்தத் தேவாலயங்களுக்குப் போகிறவர்கள் தேர்தல் ஞாயிறன்று பூசை முடிந்து அப்படியே ஓட்டுப் போடப் போகிறார்கள். அவர்கள் மதத்தை விட்டுவிடவில்லை. ஒரு தலைமுறைக்கு மேல் மனம் கசந்து, பேசி, வழக்காடி, இடம் பிடித்தார்கள். நமக்கும் அந்தக் காலம் ஆகிறது.

இனி உங்கள் மகள். மகனின் கோபம் உண்மையில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு வழக்குக்காக லிசே ஒன்றின் வாசலில் காலை எட்டு மணிக்கு நின்றிருக்கிறேன். நிறுத்தியிருந்த ஒரு காரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் ஹிஜாப் ஊசியைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டாள். துணியை நான்காக மடித்தாள், பையின் முன்பக்கத்தில் வைத்தாள், ஊசியை அதன்மேல் குத்தினாள், முடியைக் கையால் அழுத்திவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவ்வளவு பழக்கம். அந்த அரை நிமிடத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கும் ஓர் அண்ணனிடம், "இந்த நாடு சமத்துவ நாடு" என்று சும்மா சொன்னால் அவன் ஏற்பானா?

ஆகவே சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1905 சட்டத்தின் முதல் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது, வழிபாட்டுச் சுதந்திரத்துக்குப் பொறுப்பேற்கிறது. எந்த மதத்துக்கும் அங்கீகாரமோ சம்பளமோ மானியமோ இல்லை என்பது இரண்டாம் பிரிவு. மதம் இல்லாதது அரசு. குடிமக்களுக்கு மதம் இருக்கலாம், அதை அவர்கள் தெருவில் அணிந்து நடக்கலாம். அன்றைய விவாதத்தில், பாதிரியார்கள் நீண்ட அங்கியோடு தெருவில் நடப்பதைத் தடைசெய்ய வேண்டும் என்று ஒரு திருத்தம் வந்தது. சட்டத்தை முன்னெடுத்த அரிஸ்தீது பிரியான் அதை எதிர்த்தார், அவையும் தோற்கடித்தது. அரசுப் பள்ளி மாணவர்கள் மதத்தை வெளிப்படையாகக் காட்டும் அடையாளங்களை அணியக்கூடாது என்பது நூறு ஆண்டு கழித்து, 2004 மார்ச் 15ஆம் தேதிச் சட்டத்தில் வந்தது. யூதரின் குல்லாவுக்கும் சீக்கியரின் தலைப்பாகைக்கும் பெரிய சிலுவைக்கும் அதே தடைதான். நடைமுறையில் அடி அதிகம் விழுந்தது நம் பெண்பிள்ளைகள் மீது. என் கருத்தில் அந்தச் சட்டம் தவறு. அந்தத் தடையால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட சீக்கிய மாணவர் ஒருவரின் வழக்கில், அது உரிமை மீறல் என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் சொன்னது. பிரான்ஸ் அதை ஏற்று மாற்றவில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லை பள்ளியோடும் பள்ளி நடத்தும் நிகழ்ச்சிகளோடும் முடிகிறது. அது பல்கலைக்கழக மாணவிகளுக்குப் பொருந்தாது, இன்னும் இரண்டு மூன்று ஆண்டில் உங்கள் மகள் ஹிஜாபோடு வகுப்பில் உட்காரலாம். மாணவி மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் முன் பள்ளி அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அவற்றுக்கு வெளியே அவள் என்ன அணிகிறாள் என்று கேட்கும் அதிகாரம் பள்ளிக்கு இல்லை. நாளை அரசு வேலைக்குப் போனால் பணி நேரத்தில் ஹிஜாப் முடியாது, இதை இப்போதே அவளுக்குச் சொல்லிவிடுங்கள். தனியார் நிறுவனம் என்றால், அங்கே நடுநிலை விதி எழுத்தில், நிறுவனத்தின் உள்விதிகளில் இருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லாமல் ஹிஜாபுக்காக வேலை மறுத்தால் அது பாகுபாடு. உரிமைகள் பாதுகாவலர் அமைப்பின் 39 28 என்ற எண்ணுக்கு அழைத்து முறையிடலாம். 2016 கோடையில் கடற்கரை ஊர்கள் பல புர்கினியை (உடலை மூடும் நீச்சலுடையை) தடைசெய்தபோது, வில்னேவ் லூபே நகராட்சியின் ஆணையை உச்ச நிர்வாக நீதிமன்றம் ஆகஸ்ட் 26ஆம் தேதி நிறுத்தி வைத்தது. வழக்குப் போட்டவர்கள் இந்தக் குடியரசின் சட்டத்தைக் கொண்டே அதைச் சாதித்தார்கள். அதே நீதிமன்றம் 2023 செப்டம்பரில் பள்ளிகளில் அபாயாவுக்கு (நீண்ட தளர்வான அங்கிக்கு) வந்த தடையை நிறுத்த மறுத்தது. வெல்கிறோம், தோற்கிறோம், மறுபடி கேட்கிறோம்.

தேர்தல் நாளன்று ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? வாக்குச்சாவடி பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடம்தான். திங்கள் காலையில் மகள் ஹிஜாபைக் கழற்ற வேண்டிய அதே மாதிரி ஒரு கட்டடத்துக்குள், ஞாயிறன்று உங்கள் மனைவி முக்காடோடு போகலாம். முகம் தெரிந்தால் போதும், அடையாள அட்டையைக் காட்டி உறையை வாங்குவார். திரை மறைவுக்குள் போய் வருவார். கண்ணாடிபோலத் தெரியும் பெட்டிக்குள் உறை விழுந்ததும், "வாக்களித்தார்" என்று சாவடித் தலைவர் எல்லாருக்கும் கேட்கச் சொல்வார். இந்தச் சட்டத்தை மாற்ற விரும்பும் ஒருவர் அதை மாற்றக்கூடியவர்களைத் தேர்ந்தெடுக்கும் இடம் அது. மகன் அந்த இடத்தைக் காலி செய்தால், அங்கே நிற்கப்போவது தங்கையின் ஹிஜாபைத் தெருவிலும் தடைசெய்ய விரும்புகிறவர்கள்.

கடினமான ஒன்றைத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். ஓட்டு எளிய கேள்வி. மார்க்கத்தை விட்டுப் போகிறவனுக்கும், நம் நபியை இழிவாக வரைகிறவனுக்கும் இந்த நாடு நம் அளவுக்கு உரிமை தருகிறதே, அதை ஏற்க முடியுமா என்பதுதான் நம் வீடுகளில் யாரும் வாய் திறந்து பேசாத கேள்வி. நாம் பேசாவிட்டால் கைப்பேசியில் வேறொருவர் பேசிவிடுகிறார். எனக்கு அந்தப் படங்கள் நெஞ்சைக் குத்துகின்றன. ஆயினும் அவற்றை வரையும் உரிமையைப் பறிக்கும் அரசு, நாளை என் தொழுகையையும் பறிக்கும் என்று நம்புகிறேன். 2015 ஜனவரி 7ஆம் தேதி அந்தப் படங்களை வெளியிட்ட ஷார்லி எப்தோ பத்திரிகை அலுவலகத்தில் கொலை செய்துவிட்டு வெளியே வந்தவர்கள் நடைபாதையில் சுட்டுக் கொன்ற காவலர் அஹ்மத் மெராபெத் ஒரு முஸ்லிம். "மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்பதை நமக்குச் சாதகமான இடத்தில் மட்டும் ஓதக்கூடாது. இதை மகனிடம் ஒரே இரவில் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. உங்களுக்கே இதில் முழுச் சம்மதம் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். இல்லையென்றால் இல்லை என்று அவனிடம் சொல்லுங்கள், சேர்ந்து யோசிக்கலாம்.

உங்கள் வாப்பா எழுதிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். அந்தக் கதையை மகன் கேட்டிருக்கிறானா? காரைக்கால் உள்ளிட்ட பகுதிகளை இந்தியாவுக்கு ஒப்படைத்த 1956 ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்தால்தான் பிரெஞ்சுக் குடியுரிமை நிற்கும் என்று விதி. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவராக யோசித்துக் கையெழுத்துப் போட்டார். "நம்பிக்கை கொண்டோரே, உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள்" என்று தொடங்குகிறது சூரா மாயிதா. அந்தக் காகிதத்தின் நகல் வீட்டில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். அவனுடைய வாக்காளர் அட்டைக்கு வேர் அங்கே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஓட்டுப் போட மாட்டேன் என்பது குற்றம் அல்ல, பிரான்சில் அது கட்டாயமும் அல்ல. தாடியும் தொழுகையும் ஆபத்தின் அடையாளம் அல்ல. ஆனால் உங்களையும் பள்ளிவாசல் இமாமையும் காஃபிர் என்று சொல்லத் தொடங்கினால், பழைய நண்பர்களை எல்லாம் வெட்டிக்கொண்டால், கொலையை நியாயப்படுத்திப் பேசினால், ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். விவரம் தெரிந்த இமாமிடமும், குடும்பங்களுக்காக அரசு வைத்திருக்கும் இலவச உதவி எண்ணிலும் பேசுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. தங்கைக்காக மனம் நொந்த, மார்க்கத்தில் பிடிப்புள்ள ஒரு பிள்ளைதான் தெரிகிறான்.

அடுத்த தேர்தலில் அவனை ஓட்டுப் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வாக்குப்பதிவு முடியும் நேரத்தில், எண்ணுவதைப் பார்க்க வா என்று மட்டும் கூப்பிடுங்கள். அதே அறையில், எல்லார் கண் முன்னாலும், உறைகளை நூறு நூறாகக் கட்டி மேசைகளுக்குக் கொடுப்பார்கள். ஒரு மேசைக்கு நான்கு பேர். ஒருவர் உறையைப் பிரிப்பார், அடுத்தவர் சீட்டை உரக்கப் படிப்பார், மற்ற இருவர் தனித்தனித் தாளில் கோடு போடுவார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். கடன் கொடுத்தால் எழுதி வையுங்கள், இரண்டு சாட்சிகளை வையுங்கள் என்று ஓதி வளர்ந்த பிள்ளைக்கு அந்த மேசை அந்நியமாகத் தோன்றாது. அவன் பெயர் 18 வயதிலேயே தானாகப் பட்டியலில் ஏறியிருக்கும், பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரியும். ஓட்டுப் போடாமலேயே அந்த நால்வரில் ஒருவனாக உட்கார அவனுக்குத் தகுதி இருக்கிறது. எண்ணுவதற்கு எப்போதும் ஆள் பற்றாது. அன்று காலையில் நீங்கள் ஓட்டுப் போடப் போகும்போதே, மாலையில் மகனும் வருவான் என்று சாவடித் தலைவரிடம் சொல்லி வையுங்கள்.